காலியாக இருக்கும் ஒரு வரி



எங்கள் தெருவில் ஒரு வீட்டு வாசலில் கிரானைட் பெயர்ப்பலகை பதித்திருக்கிறார்கள். அப்பா பெயருக்குக் கீழே ஒரு வரி காலி. ‘டாக்டர்’ என்று மகன் பெயரைப் பொறிக்கவாம்! அந்தப் பையன் மூன்றாம் முறையாக நீட் எழுதப்போகிறான்.

பழுதான மிக்ஸியைப் பிரித்துப்போட்டு அரை மணியில் ஓடவைக்கும் கை அவனுக்கு. பாலிடெக்னிக்கில் சேர்கிறேன் என்றதும், “என்னாலதான் டாக்டராக முடியல, நீயாவது ஆகக்கூடாதா?” என்று அப்பா அழுதாராம். அடித்திருந்தால் எதிர்த்திருப்பான், அழுகைக்கு அவனிடம் பதில் இல்லை. இப்போதெல்லாம் கல்யாண வீடுகளுக்குக்கூட வருவதில்லை. ‘மார்க் எவ்வளவு?’ என்று யாராவது கேட்டுவிடுவார்களோ என்ற பயம்.

நீட் தேர்வை இத்தனை முறைதான் எழுதலாம் என்று வரம்பு கிடையாது. 720 மதிப்பெண்ணைத் துரத்தி எத்தனை வருஷத்தைக் கொடுப்பது என்பதைப் பிள்ளைதான் முடிவுசெய்ய வேண்டும். ஆசைப்படுவது தப்பில்லை. நிறைவேறாத தன் ஆசையைப் பிள்ளை தலையில் ஏற்றிவிட்டு, அதற்குப் பாசம் என்று பெயர் வைப்பதுதான் தப்பு.

பெற்றோரே, கோச்சிங் சென்டரில் பணம் கட்டும் முன் ‘உனக்கு என்ன பிடிக்கும்?’ என்று பிள்ளையைக் கேளுங்கள். அவன் பதில் சொல்லி முடிக்கும்வரை குறுக்கே பேசாதீர்கள்.

- ஓய்வுபெற்ற ஆசிரியை, கும்பகோணம்