நாலு மெஷின் இருக்கு, ஒரு நாற்காலி இல்லை

அமெரிக்காவில் பல வீடுகளுக்கு அடியில் ஒரு நிலவறை இருக்கும். பேஸ்மென்ட் என்பார்கள். துணி துவைக்கிற மெஷின், பழைய கட்டில், கிறிஸ்துமஸ் மரம் வந்த அட்டைப்பெட்டி எல்லாம் அங்கேதான் கிடக்கும். நாற்பதைத் தாண்டிய ஒரு ஆசாமி ஒரு நாள் அதையெல்லாம் ஒதுக்கித் தள்ளிவிட்டு, சின்ன வயதில் கால் டாலர் காசு போட்டு ஆடிய வீடியோ கேம் மெஷின்களை வாங்கிச் சுவரோரம் வரிசையாக நிறுத்துகிறார். பேக்-மேன் ஒன்று, டாங்கி காங் ஒன்று, ஸ்ட்ரீட் ஃபைட்டர் ஒன்று, மூலையில் ஒரு பின்பால். ஊதா நிறத்தில் நியான் விளக்கு. சுவர் முழுக்க போஸ்டர். பாப்கார்ன் பொரிக்கிற வண்டி கூட உண்டு (வண்டிக்கு இடம் இருக்கிறது, கவனிக்கவும்). உட்காருவதற்கு மட்டும் ஒன்றும் கிடையாது.

நண்பர்களைக் குடும்பத்தோடு கூப்பிடுகிறார். முதல் பத்து நிமிடம் ஒரே ஆரவாரம். "அட, இதை ஆடி எத்தனை வருஷமாச்சு!" அப்புறம்தான் கூத்து. ஒருவர் சுவரில் சாய்கிறார். ஒருவர் கையில் இருக்கிற பேப்பர் தட்டை எங்கே வைப்பது என்று சுற்றிச் சுற்றிப் பார்த்துவிட்டு பின்பால் கண்ணாடி மேல் வைக்க, வீட்டுக்காரர் முகம் போகிற போக்கைப் பார்க்க வேண்டும். முட்டிவலிக்காரப் பெரியவர் மெதுவாக நகர்ந்து மாடிப்படியில், கீழிருந்து மூன்றாவது படியில் உட்கார்ந்துவிடுகிறார். அரை மணி நேரத்தில் மொத்தக் கூட்டமும் மேலே ஹாலில், சோபாவில். கீழே நாலு மெஷினும் தானாகப் பாட்டுப் பாடிக்கொண்டிருக்கின்றன. ஆயிரக்கணக்கான டாலர் செலவழித்தவர் தன்னந்தனியாகப் பேயை விட்டு ஓடிக்கொண்டிருக்கிறார்.

ஏன் சார் ஒரு நாற்காலி போடக்கூடாதா என்று கேட்டால் பதில் தயாராக இருக்கும். "ஆர்கேட் என்றால் நின்றுதான் ஆட வேண்டும். அதுதான் ஒரிஜினல். உட்கார்ந்து ஆடுவதற்கு டிவி முன்னால் பிளேஸ்டேஷன் இருக்கிறதே."

இந்த "ஒரிஜினல்" என்கிற வார்த்தை இருக்கிறதே, அதை வைத்து அடிக்கப்படுகிற ஜல்லி கொஞ்ச நஞ்சமல்ல. எது ஒரிஜினல்? யாருக்கு ஒரிஜினல்?

காசு போடும் மெஷினை நிற்கிற உயரத்துக்குச் செய்தது ரசனை சம்பந்தப்பட்ட விஷயமே இல்லை. அது வெறும் கணக்கு. கடைக்காரருக்கு ஒவ்வொரு சதுர அடிக்கும் வாடகை போகிறது. ஒரு கேமுக்குக் கால் டாலர். ஒருவர் சீக்கிரம் தோற்றுப் போனால்தான் அடுத்தவர் காசு உள்ளே விழும். 1972இல் அடாரி நிறுவனம் தன் பாங் மெஷினைக் கலிபோர்னியாவில் சன்னிவேல் நகரத்து மதுக்கடை ஒன்றில் பரீட்சைக்கு வைத்தபோது, உண்டியல் நிரம்பி வழிந்து மெஷின் நின்றுபோனது என்பது இந்தத் தொழிலின் ஆதிக்கதை. அந்தக் கதையில் நாயகன் உண்டியல்தான், ஆடியவர் இல்லை. ஆட்டக்காரரை நிற்க வை, கேமைக் கஷ்டமாக்கு, கால் வலிக்கும் முன் காசை வாங்கு. நம்ம ஊர் கையேந்தி பவனில் பெஞ்சு போடாததற்கும் இதே காரணம்தான். அங்கே நின்று சாப்பிட்ட தோசை ருசியாக இருந்தது என்பதற்காக யாராவது வீட்டிலும் சாப்பாட்டு மேஜையைத் தூக்கிப் போட்டுவிட்டு நின்றுகொண்டே சாப்பிடுவார்களா?

வீட்டில் உண்டியல் இல்லை. மெஷினை ஃப்ரீ பிளேயில் போட்டாயிற்று. வரிசையில் நிற்கும் அடுத்த வாடிக்கையாளர் இல்லை. ஆனால் வாடிக்கையாளரைத் துரத்துவதற்காகக் கடைக்காரர் செய்த ஏற்பாட்டை மட்டும் பயபக்தியோடு வீட்டுக்குள் கொண்டு வந்திருக்கிறார்கள். வருமானம் இல்லாத இடத்தில் வருமானத்துக்கான செலவை மட்டும் ஏற்றுக்கொள்வது எந்தக் கணக்குப் புத்தகத்தில் நியாயம்?

சரி, சரித்திரத்தையே பார்ப்போமே. ஆர்கேட் என்ற சமாச்சாரத்தை உலகம் முழுக்கப் பைத்தியமாக்கியது டைட்டோ நிறுவனத்தின் ஸ்பேஸ் இன்வேடர்ஸ். வருடம் 1978. ஜப்பானில் அது எப்படிப் பரவியது? காபிக் கடைகளில், மேஜை வடிவத்தில்! கண்ணாடி மேஜைக்கு அடியில் திரை. ஜனங்கள் நாற்காலியில் உட்கார்ந்து, காபியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, குனிந்து சுட்டுத் தள்ளினார்கள். அதே கேம் மிட்வே மூலம் அமெரிக்காவுக்கு வந்தபோது பெரும்பாலும் பீரோ மாதிரி நிமிர்ந்து நிற்கிற பெட்டியில் வந்தது. கேம் ஒன்றுதான். கடை வேறு. அவ்வளவுதான் விஷயம்.

ஜப்பான்காரர்கள் அப்புறமும் உட்கார்ந்தேதான் ஆடினார்கள். 1993இல் வந்த சேகாவின் ஆஸ்ட்ரோ சிட்டி பெட்டியைப் பாருங்கள். தாழ்ந்த பலகை, முன்னால் ஒரு குட்டி ஸ்டூல். ஸ்ட்ரீட் ஃபைட்டர் மாதிரி சண்டை கேம்களில் இரண்டு பெட்டிகளை முதுகோடு முதுகு ஒட்டிப் போட்டு, எதிராளி முகமே தெரியாமல் உட்கார்ந்து மோதினார்கள். உலகத்தின் மிகத் தீவிரமான சண்டை கேம் ஆட்டக்காரர்கள் அந்த ஸ்டூல்களிலிருந்து வந்தவர்கள். உட்கார்ந்தால் வேகம் போய்விடும் என்று சொல்கிற பேஸ்மென்ட் வீரர்கள் அவர்களிடம் போய்ச் சொல்லிப் பார்க்கலாம்.

அமெரிக்காவில் மட்டும் என்ன? பேக்-மேனையே மேஜை வடிவத்தில் செய்து விற்றார்கள். இரண்டு பேர் எதிரெதிரே உட்கார்ந்துகொள்வார்கள், ஒருவர் முறை முடிந்ததும் திரையில் படம் தலைகீழாகத் திரும்பி அடுத்தவரைப் பார்க்கும். போல் பொசிஷன் 1982இல் வந்தபோதே கார் மாதிரி உள்ளே ஏறி உட்காருகிற பெட்டி இருந்தது. 1985இல் ஹேங்-ஆன், பைக் மேலேயே ஏறி உட்கார வேண்டும். 1986இல் அவுட் ரன், ஆட்டத்துக்கேற்ப இருக்கையே அசையும். அன்றைய கடையில் கூட்டம் அலைமோதிய பெட்டிகளில் இவையும் உண்டு. ஆக, "நின்றுதான் ஆட வேண்டும்" என்பது ஆர்கேட்டின் மரபு அல்ல, ஒரு நாட்டில் ஒரு காலகட்டத்தில் ஒரு வகைக் கடைக்காரர்கள் வைத்துக்கொண்ட வசதி.

நிற்க. (உட்கார்ந்தும் படிக்கலாம்.)

இதில் பெரிய தமாஷ் 2018இல் நடந்தது. ஆர்கேட்1அப் என்ற நிறுவனம் பழைய மெஷின்களை முக்கால் அளவுக்குச் சுருக்கி, சுமார் 300 டாலரிலிருந்து விற்க ஆரம்பித்தது. உயரம் நாலடிக்கும் கொஞ்சம் குறைவு. வாங்கிய பெரியவர்கள் எல்லாம் கூன் போட்டுக்கொண்டு ஆடினார்கள். பிறகு என்ன செய்தார்கள் என்கிறீர்கள்? பெட்டிக்கு அடியில் வைக்க ஒரு அடி உயர மணைக்கட்டை. ஆரம்பத்தில் அதைத் தனியாகவே விற்றார்கள். மனுஷன் உட்கார்ந்தால் கச்சிதமாகப் பொருந்துகிற உயரத்தில் ஒரு பெட்டி கையில் கிடைத்திருக்கிறது, அதைக் காசு கொடுத்து ஒரு அடி உயர்த்தி, மறுபடி கால் கடுக்க நிற்கிறார்கள்! ஸ்டூலும் அந்த நிறுவனமே பின்னால் விற்றது என்பதையும் சொல்லிவிட வேண்டும். மணைக்கட்டைதான் ரசிகர்களுக்கு "ஒரிஜினல்".

அடுத்த சாக்கு, இடம். "நாற்காலி போடுகிற இடத்தில் இன்னொரு மெஷின் வைக்கலாமே." முழு அளவு மெஷின் ஒன்று தோராயமாக இரண்டடி அகலம், இரண்டரை அடி ஆழம் பிடிக்கும். ஒரு பெஞ்சுக்கு ஒன்றரை அடி ஆழம் போதும். ஸ்டூல் என்றால் மெஷினுக்கு அடியிலேயே பாதி நுழைந்துவிடும். அதை விடுங்கள். ஐந்தாவது மெஷினை யார் ஆடப்போகிறார்கள்? நாலாவதையே யாரும் தொடவில்லையே? ஆளே இல்லாத கடையில் சரக்கை மட்டும் ஏற்றிக்கொண்டே போனால் அதற்குப் பெயர் வியாபாரமும் இல்லை, பொழுதுபோக்கும் இல்லை, குடோன்.

இதற்கு நேர் எதிர்க் கோஷ்டியும் உண்டு. அவர்கள் போய் மூன்று பேர் உட்காரும் சாய்வு சோபாவை வாங்கி அறை நடுவில் போட்டுவிடுவார்கள். பானம் வைக்கக் குழி, பொத்தானை அமுக்கினால் காலைத் தூக்குகிற வசதி, இத்யாதி இத்யாதி. அதில் சாய்ந்தால் ஜாய்ஸ்டிக் எட்டாது. எட்டாவிட்டால் எதிரே டிவி மாட்டத் தோன்றும். டிவி வந்துவிட்டால் மெஷின்கள் அலங்காரப் பொருள். சொகுசு என்பது புதைந்து போவது அல்ல. மெஷின் முன்னால் போடுகிற இருக்கை கெட்டியாக இருக்க வேண்டும், கை வைக்கும் சட்டம் இருக்கக்கூடாது (முழங்கை இடிக்கும்), ஒரு கையால் தூக்கி நகர்த்துகிற எடையில் இருக்க வேண்டும். சக்கரம் வைத்த ஆபீஸ் நாற்காலி வேண்டவே வேண்டாம். ஜாய்ஸ்டிக்கை ஒரு இழுப்பு இழுத்தால் நாற்காலி பின்னால் ஓடும், ஆட்டக்காரரும் கூடவே ஓடுவார்.

உயரத்தில்தான் முக்கால்வாசிப் பேர் கோட்டை விடுகிறார்கள். கடையில் அழகாக இருக்கிறது என்று 30 அங்குல பார் ஸ்டூலை வாங்கி வந்து, தொடை பலகையில் இடிக்கிறது என்று புலம்பி, "பார்த்தீர்களா, உட்கார்ந்து ஆட முடியாது" என்று தீர்ப்பும் எழுதிவிடுவார்கள். மேஜைக்கும் நாற்காலிக்கும் உள்ள பழைய கணக்கேதான் இதற்கும். பலகையிலிருந்து 10, 12 அங்குலம் கீழே இருக்கை வர வேண்டும். பலகை 37 அங்குலத்தில் இருந்தால் ஸ்டூல் 26 அங்குலம். டேப்பை எடுத்து அளக்க அரை நிமிடம் ஆகுமா?

உட்கார்ந்தால் திரை சரியாகத் தெரியாது என்பார்கள். அதையும் கணக்குப் போட்டுப் பார்த்துவிடலாம். ஐந்தடி ஏழு அங்குல மனிதர் நின்றால் கண் தரையிலிருந்து சுமார் 62 அங்குலத்தில் இருக்கும். 26 அங்குல ஸ்டூலில் நிமிர்ந்து உட்கார்ந்தால் 56, 57 அங்குலம். வித்தியாசம் அரை அடி. இதற்கா இத்தனை பில்டப்? தாழ்ந்த சோபாவில் புதைந்தால் கண் இன்னும் ஒரு அடி கீழே போகும், அப்போது சொல்லுங்கள் தெரியவில்லை என்று. ஒரு குறை மட்டும் நிஜம். நிமிர்ந்த பெட்டிகளின் முன்பக்கம் நேராகச் சுவர் மாதிரி இறங்குவதால் முட்டியை நீட்ட இடம் இருக்காது. காலை இரண்டு பக்கமும் அகட்டி, ஸ்டூலின் வளையத்தில் பாதத்தை வைத்துக்கொள்ள வேண்டும். வளையம் இல்லாத ஸ்டூல் வாங்கினால் காலைத் தொங்கப் போட்டு மரத்துப் போகும்.

பின்பால் விஷயத்தில் எதிர்க்கட்சிக்கு ஒரு ஓட்டு போட்டுவிடலாம். அதை இடுப்பால் இடித்து, தோளால் தள்ளி ஆட வேண்டும். நடன மெஷின் பற்றிச் சொல்லவே வேண்டாம். அவற்றுக்கு முன்னால் நாற்காலி கிடையாது, தரையில் தடிமனான ரப்பர் பாய் போதும். சிமெண்ட் தரையில் ஒரே இடத்தில் நிற்பது எப்படி இருக்கும் என்று கல்லாவில் நிற்கிற எந்தத் தொழிலாளியையும் கேட்டால் சொல்வார். கேட்க வேண்டியதே இல்லை, கோர்ட்டிலேயே சொல்லியிருக்கிறார்கள். மருந்துக்கடைக் கல்லாவிலும் வங்கிக் கவுன்டரிலும் நின்று வேலை பார்த்தவர்கள் இருக்கை கேட்டு வழக்குப் போட்டு, அது கலிபோர்னியா உச்ச நீதிமன்றம் வரை போனது. வேலையின் தன்மை இடம் கொடுக்கிறது என்றால் இருக்கை தர வேண்டும், "நின்றால்தான் பார்க்க நன்றாக இருக்கும்" என்கிற முதலாளியின் விருப்பம் மட்டும் போதாது என்று 2016இல் நீதிமன்றம் விளக்கம் கொடுத்தது. கூலிக்கு நிற்கிறவர்களே கோர்ட் ஏறி நாற்காலி கேட்கிற நாட்டில், விருந்தாளியைக் கூப்பிட்டு வந்து நிற்க வைக்கிறார்கள். அதற்குப் பெயர் பழைய நினைவுகளாம்.

இவ்வளவும் ஆடுகிறவரைப் பற்றி. ஆடாதவரைப் பற்றித்தான் யாருமே பேசுவதில்லை. பழைய கடைகளில் ஒருவர் ஆடினால் தோளுக்குப் பின்னால் நாலு பேர் பார்த்துக்கொண்டிருப்பார்கள். அடுத்த ஆட்டம் தன்னுடையது என்று திரைக்கு அடியில் காசை வரிசையாக வைத்துவிட்டுக் காத்திருப்பார்கள். கத்துவார்கள், கிண்டல் செய்வார்கள், "இடதுபக்கம் வருது பார்" என்று எச்சரிப்பார்கள். வீட்டுக்காரர் ஏங்குவது உண்மையில் அந்தக் கூட்டத்துக்காக. மெஷினை விலைக்கு வாங்கிவிட்டார், கூட்டத்தை எந்தக் கடையில் வாங்குவது? அன்றைக்கு நின்ற பையன்களுக்கு வயது பதினைந்து. இன்றைக்கு அவர்களுக்கு இடுப்புவலி. மனைவிக்கு டாங்கி காங்கில் ஆர்வம் இல்லாமல் இருக்கலாம், பக்கத்தில் உட்கார்ந்து பேச ஆர்வம் இருக்கலாமே? சக்கர நாற்காலியில் வருகிற நண்பருக்கு 37 அங்குலப் பலகை எட்டவே எட்டாது, உட்கார்ந்து ஆடுகிற தாழ்ந்த பெட்டி ஒன்றாவது இருந்தால் அவர் முறையும் வரும். பொது இடங்களுக்கு 1990இல் வந்த மாற்றுத்திறனாளிகள் சட்டம் உண்டு. சொந்த வீட்டு பேஸ்மென்டுக்கு எந்தச் சட்டமும் வந்து நிற்காது, வீட்டுக்காரருக்காகத் தோன்றினால்தான் உண்டு.

எதிர்ச்சுவரில் முதுகு சாய ஒரு நீளப் பெஞ்சு, மேலே துடைக்கச் சுலபமான ரெக்சின் உறை, பக்கத்தில் தட்டும் டம்ளரும் வைக்க ஒரு பலகை, மெஷினுக்கு ஒன்றாக இரண்டு ஸ்டூல். இத்தனையும் சேர்த்தாலும் ஒரு பழைய மெஷினின் விலை வராது. பாப்கார்ன் வண்டியைத் தள்ளினாலே பாதி இடம் கிடைத்துவிடும்.

படிக்கட்டில் ஒரு குஷனைப் போட்டுவிட்டு, அதையும் "சீட்டிங்" கணக்கில் எழுதுகிற புண்ணியவான்களும் இருக்கிறார்கள். மூன்றாவது படியில் உட்கார்ந்திருக்கிற பெரியவர் அங்கிருந்து பார்த்தால் பேக்-மேன் திரை தெரியாது, ஆடுகிறவரின் முதுகுதான் தெரியும். பத்து நிமிடம் அதைப் பார்த்துவிட்டு அவரும் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு மேலே போய்விடுகிறார்.