ராமேசுவரமா? மானாமதுரையா?

வடக்கே காசிக்குப் போகிறவர்களுக்கு மொகல்சராய் எப்படியோ, அப்படியே தெற்கே ராமேசுவரத்துக்குப் போகிறவர்களுக்கு மானாமதுரை ஜங்ஷன் என்பது நமது பக்கத்து ஜனங்கள் யாவரும் அறிந்த விஷயமாகும். மதுரையிலிருந்து ஒரு பாதை, திருச்சியிலிருந்து காரைக்குடி, சிவகங்கை வழியாக ஒரு பாதை, விருதுநகரிலிருந்து அருப்புக்கோட்டை, திருச்சுழி, நரிக்குடி வழியாக ஒரு பாதை ஆகிய மூன்றும் அங்கே கூடுகின்றன. நான்காவது பாதை ராமேசுவரத்துக்குப் போகின்றது. தை அமாவாசையும் ஆடி அமாவாசையும் வந்துவிட்டால், வீரசோழன் சுற்றுப்புறத்துச் சம்சாரிகளும் கட்டுச்சோறும் மூட்டையுமாகக் கிளம்பி, மானாமதுரைக்குப் போய் ராமேசுவரம் வண்டிக்குக் காத்திருப்பார்கள்.

இவர்கள் எதற்காகப் போகின்றார்கள்? கடலில் அக்கினி தீர்த்தம் ஆடி, கோவிலுக்குள் 22 தீர்த்தம் ஆடி, செத்துப்போன தாய் தகப்பனுக்குத் திதி கொடுத்தால், பாவமும் தீட்டும் ஒழிந்து புண்ணியம் கிடைக்கும் என்பதற்காகத்தான். தாய் தகப்பனை நினைத்துக் கண் கலங்குகிறவனை நாம் கேலி செய்ய வரவில்லை. அந்தத் துக்கம் மெய்யானது. தீட்டு ஒழிந்தது என்கிறானே, அது எங்கே ஒழிந்தது, யார் தலையில் விழுந்தது என்பதை மாத்திரமே கேட்கின்றோம்.

முதலாவதாக, கடலைத் தாண்டின கதையை எடுத்துக்கொள்ளுவோம். வானரங்கள் அணை கட்டினதாகப் புராணம் சொல்லுகின்றது. ஆனால் அந்த அணையின்மேல் எந்தப் பக்தனாவது ராமேசுவரம் போய்ச் சேர்ந்ததுண்டா? 1914-ம் வருஷம் பாம்பனில் ரயில் பாலம் திறந்த பிறகுதான் படகு இல்லாமல் போக முடிந்தது. 1964 டிசம்பர் புயலில் தனுஷ்கோடி அழிந்து, அங்கே போன பாசஞ்சர் வண்டியும் நூற்றுக்கு மேற்பட்ட ஜனங்களோடு கடலில் மூழ்கியபோது, எந்தத் தீர்த்தமும் காப்பாற்ற வரவில்லை. சிதைந்த பாலத்தை என்ஜினீயர்களும் கூலியாட்களும் 46 நாளில் மறுபடி நிறுத்தினார்கள். அந்தப் பாலமும் மூப்படைந்து 2022 டிசம்பரில் ரயில் நின்றது; 2025 ஏப்ரலில் புதுப் பாலம் திறக்கப்பட்டது. மனிதன் கட்டினதை மனிதனே செப்பனிடுகின்றான். பழையது உதவாவிட்டால் புதிது கட்டுகின்றான். இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

இரண்டாவதாக, ரயிலில் ஏறினவர்களின் கதை. டிக்கெட்டு ஜன்னலில் காசைக் கேட்டார்களே தவிர ஜாதியைக் கேட்கவில்லை. ஆனால் அதே ஸ்டேஷனில் சாப்பிடப் போனால் ஜாதி வந்து குறுக்கே நின்றது. தென்னாட்டு ரயில்வே சாப்பாட்டுச் சாலைகளில் பிராமணர்களுக்கு ஓரிடம், மற்றவர்களுக்கு வேறிடம் என்று பிரித்து வைத்திருந்தார்கள். ஒரே பெட்டியில் முழங்கால் இடிக்க உட்கார்ந்து வந்தவன், பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிட்டால் மாத்திரம் தீட்டு! இந்த அக்கிரமம் கூட்டம் கூட்டிப் பேசி, தீர்மானம் போட்டு, ஓயாமல் கிளர்ச்சி செய்த பிறகு 1941-ல் ஒழிந்தது. அதற்காக எந்தச் சாஸ்திரி எந்தத் தீர்த்தத்தைத் தெளித்தார்?

நிற்க, இவை இரண்டையும்விடப் பெரிய விஷயம் ஒன்று உண்டு. அதை நமது ஜனங்கள் பேசக்கூடக் கூச்சப்படுகின்றார்கள். புண்ணியம் தேடிப் போன யாத்திரைக்காரன் வழி நெடுக வண்டியில் மலஜலம் கழித்தான். அது அப்படியே தண்டவாளத்தில் விழுந்தது. அதை யார் வாரினார்கள்? தேசம் பூராவும் ரயில் நிலையங்களில் அதை வாரியவர்கள் பெரும்பாலும் தாழ்த்தப்பட்ட ஜாதியாரே. ஒருவன் தீட்டைக் கழிக்கக் கடலுக்குப் போனான். அவன் கழித்ததை வாரினவன் ஜன்மமெல்லாம் தீட்டுக்காரன் என்று ஒதுக்கப்பட்டான். அசுத்தம் செய்தவன் சுத்தன், சுத்தம் செய்தவன் அசுத்தன்! இதைவிடத் தலைகீழான கணக்கு உலகத்தில் வேறு உண்டா?

1993-ல் ஒரு சட்டம் வந்தது. 2013-ல் இன்னொரு சட்டம் வந்து, தண்டவாளத்தில் மலம் அள்ளுவதையும் பெயர் சொல்லிச் சேர்த்தது. ஆனால் சர்க்கார் குறிப்பிடும் கருவியும் உறையும் கொடுத்துவிட்டால் அது மலம் அள்ளுவதாகக் கருதப்படாது என்று அதிலேயே ஒரு சந்தும் வைத்தார்கள். 2014-ல் சுப்ரீம் கோர்ட்டு, கால வரம்பு வைத்து இதை ஒழிக்கும்படி ரயில்வேக்குச் சொல்லிற்று.

அதன் பிறகு நடந்ததுதான் நமது பக்கத்துக்குப் பெருமையாகும். மலத்தைப் பெட்டிக்கு அடியிலேயே ஒரு தொட்டியில் தேக்கி, நுண்ணுயிர்களைக் கொண்டு தண்ணீராகவும் வாயுவாகவும் மாற்றுகின்ற பயோ டாய்லெட்டை ராணுவ ஆராய்ச்சிக்காரர்களும் ரயில்வேக்காரர்களும் சேர்ந்து உண்டாக்கினார்கள். 2016 ஜூலையில், மானாமதுரை முதல் ராமேசுவரம் வரையுள்ள 114 கிலோமீட்டர் பாதை, மலம் விழாத முதல் 'பசுமை ரயில் பாதை' என்று இந்தியாவிலேயே முதன்முதலாக அறிவிக்கப்பட்டது. 22 தீர்த்தமும் தொடாத தீட்டைக் கண்ணுக்குத் தெரியாத பூச்சி தொட்டது என்றால், புண்ணிய ஸ்தலம் என்று எதைச் சொல்லுவது? ராமேசுவரத்தையா? மானாமதுரையையா?

இதோடு வேலை முடிந்துவிட்டதா என்றால், இல்லை. அந்தத் தொட்டியும் மனிதர் கையில் இருக்கின்றது. பிளாஸ்டிக் பாட்டிலும் துணியும் பாக்குப் பொட்டலமும் போட்டு அடைத்துவிடுகின்றார்கள். அடைப்பைப் பற்றிய புகார் ஏராளம் என்று 2017-ல் கணக்குத் தணிக்கை அதிகாரியின் அறிக்கையே சொல்லிற்று. அடைத்ததை எடுக்கப் போகிறவன் யார்? பழைய ஆளே! மிஷின் வந்தும் மனப்பான்மை மாறாவிட்டால், ஜாதி தண்டவாளத்தை விட்டுத் தொட்டிக்குள் குடியேறும், அவ்வளவுதான் வித்தியாசம்.

ரயிலை விட்டு இறங்கி நமது ஊர்களைப் பார்ப்போமானால் இன்னும் மோசம். சாக்கடைக் குழியிலும் கழிவுத் தொட்டியிலும் இறங்கி விஷ வாயுவால் சாகிற செய்தி இன்றைக்கும் வருகின்றது. பகுத்தறிவு பேசுகின்ற நாமாவது யோக்கியர்களா? நமது வீட்டுத் தொட்டி நிரம்பினால் மிஷினைக் கூப்பிடுகிறோமா, ஆளைக் கூப்பிடுகிறோமா? வந்தவனுக்கு நாம் குடிக்கிற டம்ளரிலேயே தண்ணீர் கொடுக்கிறோமா? இதற்கு நெஞ்சில் கைவைத்துப் பதில் சொல்ல முடியாதவன், தீர்த்தமாடுகிறவனைப் பரிகாசம் செய்ய யோக்கியதை இல்லாதவனேயாவான்.

ஆகவே நரிக்குடியிலும் திருச்சுழியிலும் அருப்புக்கோட்டையிலும் ரயிலேறுகின்ற தோழர்களுக்கு நாம் சொல்லுவது இதுதான். போகவேண்டாமென்று உங்கள் கையைப் பிடித்து இழுக்க நாம் யார்? போனால் தொட்டியில் குப்பையைப் போடாதீர்கள். திரும்பி வந்தால் உங்கள் ஊராட்சியில் எழுந்து நின்று, எந்தக் குழியிலும் ஒரு மனிதனும் இறங்கக்கூடாது, அதற்கு மிஷின் வேண்டும் என்று கேளுங்கள். உங்கள் தாய் தகப்பன் பெயரைச் சொல்லி ஒரு காரியம் செய்யவேண்டுமானால், இதைவிட மேலான திதி இருப்பதாக நமக்குத் தோன்றவில்லை.