சமையல் எரிவாயுப் பாதுகாப்பு: எங்கள் நிலைப்பாடு

வீட்டில் சிலிண்டர் கசிந்து தீப்பிடித்தால், சமைத்தவரின் கவனக்குறைவு என்று முடித்துவிடுவது வழக்கமாகிவிட்டது. எங்கள் நுகர்வோர் சங்கம் இதை ஏற்கவில்லை. வால்வு, வாஷர், ரெகுலேட்டர், ரப்பர் குழாய் நான்கையும் சோதித்துத் தருவது சிலிண்டர் விற்பவரின் கடமை. ஒவ்வொரு முறை சிலிண்டர் வரும்போதும் அது நடக்க வேண்டும்.

காரணங்கள்

சமையல் எரிவாயு காற்றைவிடக் கனமானது. கசிந்தால் தரையோடு தங்கிப் பரவும். காற்றில் நூற்றுக்கு இரண்டு பங்கு கலந்தாலே பற்றிக்கொள்ளும். ஒற்றை அறை வீடுகளில் அதைப் பற்றவைக்கக்கூடிய சாமி விளக்கும், தானாக ஓடி நிற்கும் ஃப்ரிட்ஜும் அடுப்புக்குப் பக்கத்திலேயே இருக்கின்றன. கசிவு தெரியவேண்டும் என்றுதான் எத்தில் மெர்காப்டான் என்ற வாடைப் பொருளைச் சேர்க்கிறார்கள். ஆனால் தூங்குபவரை அந்த வாடை எழுப்பிவிடும் என்று நம்பியிருக்க முடியாது.

ரப்பர் குழாயை ஐந்து ஆண்டுக்கு ஒருமுறை மாற்ற வேண்டும். வீட்டு இணைப்பையும் ஐந்து ஆண்டுக்கு ஒருமுறை ஏஜென்சி ஆய்வு செய்ய வேண்டும். 2016-ல் உஜ்வலா திட்டத்தில் இணைப்பு பெற்றவர்களின் முதல் குழாய்க்கு 2021-லேயே ஆயுள் முடிந்துவிட்டது. விறகடுப்பிலிருந்து நேராக வந்த குடும்பத்துக்கு இதை யார் சொல்வது? ஆய்வுக்குக் கட்டணம் என்றதும், “அடுத்த மாசம் பாத்துக்கலாம்” என்று தள்ளிப்போடுகிறார்கள்.

வால்வுக்குள் இருக்கும் கறுப்பு வாஷர் கிழிந்திருந்தால் கண்டுபிடிக்கச் சொட்டுத் தண்ணீர் போதும், குமிழி வரும். ஆனால் ஏறக்குறைய 30 கிலோ சுமையோடு மாடி ஏறி வருபவரிடம் இந்த வேலையையும் கூலியில்லாமல் கேட்பது நியாயமல்ல.

கோரிக்கைகள்

1. ஐந்தாண்டு ஆய்வைக் கட்டணமின்றிச் செய்ய வேண்டும்.
2. டெலிவரி ஊழியர் செய்யும் ஒவ்வொரு சோதனைக்கும் எண்ணெய் நிறுவனம் தனி ஊதியம் தர வேண்டும்.
3. குழாய் மாற்ற வேண்டிய மாதத்தை ரசீதில் தமிழில் அச்சிட வேண்டும்.
4. உஜ்வலா வீடுகளுக்கு ஐ.எஸ்.ஐ. முத்திரையுள்ள மாற்றுக் குழாயை இலவசமாகத் தர வேண்டும்.

வீட்டாரின் பங்கு

சிலிண்டரை நிமிர்த்தியே வையுங்கள். அடுப்பு அதைவிட உயரத்தில் இருக்கட்டும். இரவில் ரெகுலேட்டரை மூடுங்கள். சிலிண்டர் வாங்கும்போது அதன் மேல்வளையத் தகட்டில் உள்ள பரிசோதனைக் காலக்கெடுவைப் பாருங்கள். ஏ, பி, சி, டி எழுத்துகள் ஆண்டின் நான்கு காலாண்டுகளையும், எண் ஆண்டையும் குறிக்கும். வாடை வந்தால் எந்த சுவிட்சையும் போடவும் வேண்டாம், அணைக்கவும் வேண்டாம். சாமி விளக்கு போன்ற தீச்சுடர் எதுவும் எரியாதபடி பார்த்துக்கொண்டு, ரெகுலேட்டரை மூடி, கதவு ஜன்னலைத் திறந்து, வெளியே போய் 1906-ஐ அழையுங்கள். தீப்பிடித்தால் 101 அல்லது 112. சமைப்பவருக்கு மட்டுமல்ல, வீட்டு ஆண்களுக்கும் பிள்ளைகளுக்கும் இவை தெரிந்திருக்க வேண்டும்.

குழாயின் வயதையும் கடைசியாக ஆய்வு நடந்த நாளையும் பதிவு செய்யாத எந்த விபத்து விசாரணையையும் முழுமையானதாக எங்கள் சங்கம் ஏற்காது.