குடிநோயிலிருந்து மீள்வோருக்கு ஊருக்குள்ளேயே ஆதரவு வேண்டும்: எங்கள் நிலைப்பாடு

குடிநோய்ச் சிகிச்சை, மருத்துவமனையிலிருந்து வீடு திரும்பும் நாளோடு முடிந்துவிட்டதாகவே தமிழ்நாட்டில் பெரும்பாலும் கருதப்படுகிறது. இதை எங்கள் அமைப்பு ஏற்கவில்லை. அதற்குப் பிறகு வரும் மாதங்களில் கிடைக்க வேண்டிய துணையும் சிகிச்சைதான். அது அவரவர் ஊரிலேயே, செலவில்லாமல், வேலை முடித்து வரக்கூடிய நேரத்தில் கிடைக்க வேண்டும்.

எய்ம்ஸ் மருத்துவமனை மூலம் மத்திய அரசு நடத்தி 2019-இல் வெளியிட்ட ஆய்வின்படி, மதுவுக்கு அடிமையானவர்களில் 38 பேரில் ஒருவருக்குத்தான் ஏதாவதொரு சிகிச்சை கிடைத்திருக்கிறது. உள்நோயாளியாகச் சேர்ந்தவர் 180 பேரில் ஒருவர். மற்ற குடும்பங்களின் கண்ணில் படுவது, குடிப்பவருக்கே தெரியாமல் குடியை நிறுத்தலாம் என்று ஆசை காட்டும் விளம்பரங்கள். அந்த மாத்திரையை வாங்கிக் குழம்பில் கலக்கும் மனைவியை நாங்கள் குறை சொல்ல மாட்டோம். அவருக்கு வேறு வழியை யாரும் காட்டவில்லை. ஆனால் அந்த மாத்திரையில் மதுவோடு ஒவ்வாத டைசல்ஃபிரம் என்ற மருந்து இருந்து, கணவர் அன்றும் குடித்துவிட்டால், நெஞ்சு படபடத்து, ரத்த அழுத்தம் இறங்கி உயிரே போகலாம். நோயாளிக்குத் தெரியாமல் மருந்து கொடுப்பதையும், கட்டிப்போட்டு அடித்துத் திருத்துவதாகச் சொல்லும் மையங்களையும் நாங்கள் முற்றாக எதிர்க்கிறோம். மது, போதைப்பொருளால் வரும் மனநிலைப் பாதிப்புகளும் 2017 மனநலப் பாதுகாப்புச் சட்டத்தின் வரையறைக்குள் வருகின்றன. சிகிச்சை பெறும் உரிமையும் மானத்தோடு நடத்தப்படும் உரிமையும் குடிநோயாளிக்கும் உண்டு.

பல வருடம் தினமும் குடித்தவர் திடீரென நிறுத்தினால் கைநடுக்கமும், சில நேரம் வலிப்பும் மனக்குழப்பமும் வரும். அதற்கு மருத்துவர் கட்டாயம் வேண்டும். அந்தக் கட்டம் சில நாளில் கடந்துவிடும். கடினமானது அதற்குப் பிறகுதான். சனிக்கிழமை கூலி வாங்கிக்கொண்டு வரும் கொத்தனாரைக் கூட வேலை பார்த்தவர்கள் கடைக்குக் கூப்பிடுகிறார்கள். ஆலோசனைக்கு வரச் சொன்ன மருத்துவமனையின் புறநோயாளிப் பிரிவோ காலையில் நடக்கிறது. போனால் ஒருநாள் கூலியும் பஸ் காசும் போச்சு. அந்தச் சனிக்கிழமை சாயங்காலம் அவர் போய் உட்கார ஓர் இடம் வேண்டும்.

அப்படி ஓர் இடத்தைத்தான் ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் கூட்டங்கள் தருகின்றன. 1935-இல் அமெரிக்காவின் ஆக்ரன் நகரில் இரண்டு குடிநோயாளிகள் ஒருவருக்கொருவர் துணையாக நின்றதில் தொடங்கியது அந்த இயக்கம். கட்டணம் கிடையாது, முழுப்பெயரும் யாரும் கேட்பதில்லை. குடும்பத்தாருக்கு அல்-அனான் கூட்டங்கள் உண்டு. ஆனால் சின்ன ஊர்களில் இருப்பவர்களுக்கு இவை எட்டுவதில்லை. கிராமத்துக்குள்ளேயே சிகிச்சை தர முடியும் என்பதை, சென்னையின் டி.டி.கே. மருத்துவமனை மஞ்சக்குடி கிராமத்தில் ஊராரின் உதவியோடு நடத்திய முகாம்கள் எப்போதோ காட்டிவிட்டன.

2003 முதல் மதுவின் சில்லறை விற்பனையை டாஸ்மாக் மூலம் அரசே நடத்துகிறது. அந்த வருமானத்தில் ஒரு பங்கைச் சட்டப்படி குடிநோயாளிகளின் தொடர் ஆதரவுக்கென ஒதுக்க வேண்டும். ஆரம்ப சுகாதார நிலையங்களில் வாரம் இரண்டு மாலையாவது ஆலோசகர் இருக்க வேண்டும். பள்ளியோ சமுதாயக் கூடமோ, கூட்டம் நடத்த வாடகையின்றித் திறந்துவிட வேண்டும். குடிக்கும் பெண்கள் வெளியே சொல்லவே அஞ்சுகிறார்கள். அவர்களுக்குத் தனி நேரம் வேண்டும். மறுபடி குடித்துவிட்டு வருபவரின் பெயரைப் பதிவேட்டிலிருந்து அடிக்கக் கூடாது. சறுக்குவது இந்த நோயில் சகஜம். துணை அதிகம் தேவைப்படுவது அப்போதுதான்.

மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் சர்க்கரை, ரத்த அழுத்த மாத்திரை வீடு தேடி வருகிறது. குடிநோயாளியின் தொடர்கவனிப்பையும் அதில் சேர்க்கலாம். ஆனால் அதே தெருவில் வசிக்கும் பணியாளர் வீட்டுக்கு வந்தால் விஷயம் ஊருக்கே தெரிந்துவிடும் என்று பலர் பயப்படுவார்கள். ஆகவே வீட்டுக்கு வரட்டுமா, வேறிடத்தில் பார்க்கலாமா என்று நோயாளியிடம் கேட்டே முடிவு செய்ய வேண்டும். அவர் சம்மதமில்லாமல் குறிப்பேட்டில் நோயின் பெயரை எழுதக் கூடாது.

இன்றே பேச வேண்டியவர்கள் 14446 என்ற தேசிய போதை மீட்பு உதவி எண்ணையோ, டெலி மனாஸ் மனநல உதவிச் சேவையின் 14416 எண்ணையோ கட்டணமின்றி அழைக்கலாம்.