போட்டியின்றித் தேர்வு

சங்கத் தேர்தல் அறிக்கைகளில் 'போட்டியின்றித் தேர்வு' என்னும் சொற்களைக் கண்டால், அங்கத்தினரிடையே ஒற்றுமை நிலவுகிறதென்று நாம் மகிழ்கிறோம். ஒற்றுமையால் போட்டி இல்லாமற் போவது ஒன்று. அச்சத்தால் இல்லாமற் போவது வேறொன்று. ஏட்டில் இரண்டும் ஒரே எழுத்தில்தான் பதிவாகின்றன.

மதுரை மாவட்டத்து மேலவளவை நாம் மறக்கலாகாது. 1996-ஆம் ஆண்டில் அவ்வூராட்சித் தலைவர் பதவி ஆதிதிராவிட மக்களுக்கு ஒதுக்கப்பட்டது. முதலில் மனுச் செய்தோர் மிரட்டலுக்கு அஞ்சி விலகினர். அடுத்து நடந்த வாக்குப்பதிவு வன்முறையால் குலைந்தது. பிறகு நடந்த தேர்தலில் முருகேசன் தலைவரானார். 1997 ஜூன் 30 அன்று பேருந்தில் ஊர் திரும்புகையில், அவரும் உடன் வந்த ஐவரும் வெட்டிக் கொல்லப்பட்டனர். 2001-இல் 17 பேருக்கு ஆயுள் தண்டனை விதிக்கப்பட்டது. தண்டனை வந்தது, போன உயிர்கள் வரவில்லை.

மிரட்டலுக்கு எப்போதும் அரிவாள் தேவைப்படுவதில்லை. பாப்பாபட்டி, கீரிப்பட்டி, நாட்டார்மங்கலம், கொட்டகச்சியேந்தல் ஆகிய ஊர்களில் 1996 முதல் பத்தாண்டுக் காலம் தலைவர் பதவி முறைப்படி நிரம்பவில்லை. சிலவிடங்களில் பெயருக்கு ஒருவரை நிறுத்தி, வென்றவுடன் ராஜினாமா செய்வித்தனர். 2006-இல்தான் அந்நிலை மாறியது. நமது வடசென்னைக்கு அண்மையில், கும்மிடிப்பூண்டியை அடுத்த ஆத்துப்பாக்கத்தில், ஊராட்சித் தலைவியான ஆதிதிராவிடப் பெண்மணி 2020 சுதந்திர தினத்தன்று கொடியேற்ற இயலாதவாறு தடுக்கப்பட்டார். மாவட்ட ஆட்சியர் தலையிட்ட பின்னரே அவர் கொடியேற்றினார்.

நெசவாளர் சங்கமாயினும் விவசாயிகள் சங்கமாயினும் இந்நோய்க்கு விலக்கன்று. நூல் பங்கீட்டையும் பயிர்க்கடனையும் கையில் வைத்திருப்போர், அபேட்சகரை நோக்கி ஒரு சொல் சொன்னாலே போதும். தறி நின்றுவிடும் என்ற அச்சம், அடிக்கு அஞ்சும் அச்சத்தினும் சிறியதன்று. இவ்வாறு வந்த நிர்வாகக் குழுவின் கணக்கைக் கேள்வி கேட்கவும் எவரும் துணியார். நஷ்டம் அங்கத்தினர் அனைவரையுமே சாரும்.

ஆகவே, மனுவைத் திரும்பப் பெறுவோரைத் தேர்தல் அதிகாரி தனியே விசாரித்துக் காரணத்தைப் பதிவு செய்தல் வேண்டும். மிரட்டல் பற்றிய புகாரை அன்றைக்கே காவல் நிலையத்திற்கு அனுப்புதல் வேண்டும். அங்கத்தினர்களும் மிரட்டப்பட்டவரைத் தனித்து விடாமல் உடன் சென்று நிற்றல் வேண்டும்.

முகத்துவாரக்குப்பத்து மீனவர் அறிந்த உண்மை ஒன்றுண்டு: முகத்துவாரத்தில் மணல் மேடிட்டால், உள்ளே நீர் இருந்தும் பயனில்லை. மனுத் தாக்கலே தேர்தலின் முகத்துவாரம். அதனைத் திறந்து வைப்பது நம் அனைவரின் கடமையாகும்.