நூற்றுக்கு எழுபது மழை

கம்பம் பள்ளத்தாக்கின் பன்னீர் திராட்சையைத் தின்னாதவர்கள் நம்மில் குறைவு. 2023-ல் அதற்குப் புவிசார் குறியீடுகூடக் கிடைத்தது. ராயப்பன்பட்டியில் என் அத்தைக்குக் கொஞ்சம் திராட்சைத் தோட்டம் உண்டு. பழுத்த குலையில் மழை விழுந்தால் பழம் வெடித்துவிடும். முன்னாலேயே வெட்டினாலோ புளிப்பு. வியாபாரி முகத்தைச் சுளிப்பார்.

"நாளை மழைக்கு நூற்றுக்கு எழுபது வாய்ப்பு" என்ற அறிவிப்பைக் கேட்டதும் அத்தை என்னிடம் திரும்பினாள்.

"பேஞ்சா 'சொன்னோம்ல' என்பாக. பேயாட்டி 'முப்பது மிச்சம் இருக்குல்ல' என்பாக. இவுகளை எப்படித் தாயி பிடிக்கிறது?"

ஒரு நாளை வைத்துப் பிடிக்க முடியாது. பால் கணக்கு எழுதுகிறோமே, அதுபோல் தினமும் எழுதவேண்டும். எழுபது என்று சொல்லி மழை பெய்தால் தவறு 0.3. அதை அதாலேயே பெருக்கினால் 0.09. பெய்யாவிட்டால் தவறு 0.7; பெருக்கினால் 0.49. மாதக் கடைசியில் சராசரி பார்த்தால், குறைந்தவரே கெட்டிக்காரர். 1950-ல் கிளென் பிரையர் என்ற அமெரிக்க வானிலை அறிஞர் காட்டிய வழி இது. மனத்தில் எழுபதை வைத்துக்கொண்டு வாயில் நூறு என்று ஜம்பம் அடிப்பவருக்கு இதில் நஷ்டம்தான்!

அதுமட்டும் போதுமா? 1884-ல் அமெரிக்காவில் ஃபின்லி என்பவர் சுழற்காற்று வரும், வராது என்று 2803 தடவை சொன்னதில் 2708 சரியாயிருந்தது. அடேயப்பா என்கிறீர்களா? சுழற்காற்று வந்ததே 51 தடவைதான். எப்பொழுதும் "வராது" என்று சொல்லிவிட்டுத் தூங்கியிருந்தால் 2752 சரியாகியிருக்கும்!

ஆகவே எதிரே ஓர் ஆளை நிறுத்தவேண்டும். அத்தையையே நிறுத்துவோம். "இந்த மாசம் பத்து நாளைக்கு மூணு நாள் பேயும்" என்று அவள் தினமும் முப்பதே சொல்கிறாள். அப்படியே பெய்தால் அவள் சராசரி 0.21. அறிவிப்பாளருக்கு 0.14 வந்தால், அத்தையின் தவறில் மூன்றில் ஒரு பங்கைக் குறைத்திருக்கிறார். அதுதான் அவர் திறமை. 0.21-க்கு மேலே போனால் அத்தையே தேவலை.

ஆனால் அந்த முப்பது, அதே ஊரின் அதே மாதத்துக் கணக்காக இருக்கவேண்டும். வருஷச் சராசரியை எதிரே வைத்துக்கொண்டு ஐப்பசியில் யார்தான் ஜெயிக்கமாட்டார்கள்?

அத்தை அடுக்களைக் காலண்டரில் இரண்டு பத்தி கிழித்தாள். மறுநாள் பொட்டு மழை இல்லை. அவர்கள் பக்கம் 0.49, தன் பக்கம் 0.09 என்று எழுதினாள். ஆனால் பாதிக் குலைகளை முதல் நாள் மாலையே வெட்டியாகிவிட்டது.