மிதப்பதும் முழுகுவதும்

பாலிமர் இரசாயனத் தேர்வில் வகுப்பிலேயே கூடுதலான மதிப்பெண் வாங்கியவன் நான். பெருமைக்காகச் சொல்லவில்லை; பின்னால் வரப்போகும் சிறுமையின் அளவு தெரிய வேண்டுமே என்பதற்காகச் சொல்கிறேன்.

சென்ற கோடையில், விடுதியில் என் அடுத்த அறைக்காரரான சேலத்து அண்ணன் மோட்டார் சைக்கிளிலேயே ஸ்பிதிப் பள்ளத்தாக்குக்குப் போய்த் திரும்பினார். கல்லும் மேடும் ஏறுவதற்கென்றே செய்த உயரமான வண்டி. ஆயினும் ஓரிடத்தில் சாய்ந்துவிட்டது. ஆளுக்குச் சிராய்ப்பு, வண்டிக்கு முன்சக்கரத்து மட்கார்டில் ஒரு சாண் விரிசல், பக்கத்துப் பிளாஸ்டிக் மூடியில் திருகாணி கோக்கும் காது முறிவு. விற்பனை நிலையத்தில் கேட்டால், மூடி தனியாகக் கிடையாது, முழுத் தொகுதியாகத்தான் வாங்க வேண்டும், அதுவும் வர மூன்று வாரம் ஆகும் என்றார்கள். விலையோ ஒரு மாத மெஸ் கட்டணத்தைத் தாண்டியது.

“கவலையை விடுங்கள் அண்ணே, நான் ஒட்டித் தருகிறேன்” என்று மார் தட்டினேன். இரண்டு குழாயாக வரும் பசையை வாங்கிக் கலந்து, மட்கார்டில் பூசி, கயிற்றால் கட்டி, ஓர் இரவு காயவைத்தேன். காலையில் கயிற்றை அவிழ்த்ததும், பூசியது முழுவதும் அவித்த முட்டையின் ஓடு போலப் பாளம் பாளமாக உரிந்து கையோடு வந்தது. அண்ணன் ஒன்றும் சொல்லவில்லை. ஏதேனும் சொல்லியிருந்தால் நன்றாயிருந்திருக்கும்.

அன்று மாலை இருவரும் கரோல் பாக் போனோம். நாயிவாலாச் சந்துகளைத் தில்லியில் மோட்டார் சைக்கிள் வைத்திருப்போர் யாவரும் அறிவர். அங்கே ஒரு கடையின் படிக்கட்டையே தொழிற்சாலையாகக் கொண்டு ஒருவர் அமர்ந்திருந்தார். வயது நாற்பது இருக்கலாம். எல்லோரும் உஸ்தாத் என்று அழைத்தனர். நாங்களும் அப்படியே அழைத்தோம். அவர் மட்கார்டின் ஓரத்திலிருந்து நகக்கண் அளவு சீவி, தேநீர்க் கிளாசில் இருந்த தண்ணீரில் போட்டார். “மிதக்கிறது” என்றார். மூடியிலிருந்து ஒரு சீவல் எடுத்துப் போட்டார். அது முழுகிற்று. இன்னொரு சீவலைத் தீக்குச்சியில் காட்டினார். கரும்புகையும் கரியுமாக எரிந்தது. “இது வேறு ஜாதி” என்று சொல்லி இரண்டையும் தனித்தனியே வைத்தார்.

நண்பர்களே, மிதந்தது பாலிபுரொப்பிலீன். அதன் அடர்த்தி 0.9 அளவு, தண்ணீரை விடக் குறைவு. முழுகியது ஏ.பி.எஸ்.; அதன் அடர்த்தி 1.05 அளவு. பாலிபுரொப்பிலீனின் மேற்பரப்பில் சாதாரணப் பசை பிடிக்காது. இதையெல்லாம் நான் விடைத்தாளில் எழுதியிருக்கிறேன், காரணத்தோடு எழுதியிருக்கிறேன்! கையில் மட்கார்டு வந்தபோது ஏனோ ஒன்றும் நினைவுக்கு வரவில்லை.

உஸ்தாத் செய்ததைச் சற்று விரித்துச் சொல்ல வேண்டும். விரிசல் முடியும் இடத்தில் முதலில் ஒரு சிறு துளை போட்டார். கூரிய முனையில் விசை குவிந்து விரிசல் மேலும் ஓடும். முனையை வட்டமாக்கிவிட்டால் ஓட்டம் நின்றுவிடும். பிறகு விரிசல் நெடுக வாய்க்கால் போலச் செதுக்கினார். பழைய கார் ஒன்றின் பம்பரிலிருந்து அறுத்த மெல்லிய கீற்றை அந்த வாய்க்காலில் வைத்து, வெப்பக் காற்று வீசும் கருவியைக் காட்டி, கீற்றும் கரையும் ஒருங்கே இளகும் நேரம் பார்த்து அழுத்திக்கொண்டே போனார். கருகினாலும் கெட்டது, இளகாவிட்டாலும் கெட்டது. இரண்டுக்கும் இடையே சில விநாடிகள்தாம். மூடிக்கு அந்தக் கீற்று ஆகாது என்று, உடைந்த ஸ்கூட்டர் மூடியிலிருந்து வேறு கீற்று அறுத்தார். இனத்தோடு இனம்தான் சேரும்.

ஏன் சேர்கிறது என்பதற்கு விடை கண்டவர்களுள் ஒருவர் பிரெஞ்சு விஞ்ஞானி டி ஜென். பாலிமரின் நீண்ட சங்கிலி மூலக்கூறு, சுற்றிலும் நெருங்கிக் கிடக்கும் மற்றச் சங்கிலிகளிடையே பாம்பு ஊர்வது போல நெளிந்து நகர்கிறது என்று 1971-ல் அவர் கூறினார். 1991-ல் நோபல் பரிசும் பெற்றார். வெப்பத்தில் இளகிய இரு கரைகளிலிருந்தும் இந்தப் பாம்புகள் எல்லை தாண்டி ஊர்ந்து பின்னிக்கொள்ள வேண்டும். அதற்கு நேரம் வேண்டும். உஸ்தாத் கையை எடுக்காமல் காத்திருந்தாரே, அந்த நேரம்தான் இது.

இன்னொரு வெட்கத்தையும் சொல்லிவிடுகிறேன். வேலை முடிந்து மட்கார்டைக் கழுவியபோது, அடிப்புறத்துச் சேறு கரைந்து, இரு கூர் அடைப்புகளுக்கிடையே ‘பி.பி.’ என்ற அச்செழுத்து தெரிந்தது. பொருள் இன்னதென்று வார்ப்பிலேயே பொறிக்கும் குறி அது. ஆங்கில எழுத்துப் படிக்கத் தெரியாதவர் தண்ணீரைக் கேட்டு அறிந்தார். படிக்கத் தெரிந்த நான் பொருளைத் திருப்பியே பார்க்கவில்லை.

சாத்தூரில் எங்கள் தெருவில், என் சிறுவயதில், “குடத்துக்கு ஒட்டுப் போடுறது!” என்று கூவிக்கொண்டு ஒருவர் வருவார். கம்பியைக் காய்ச்சி, பழைய பிளாஸ்டிக் துண்டை இளக்கி, ஓட்டைக் குடத்தை அம்மா கண்முன்னேயே அடைத்துத் தருவார். பச்சைக் குடத்தில் சிவப்பு ஒட்டு. அந்தக் குடத்தைத் தூக்கிக்கொண்டு குழாயடிக்குப் போக எனக்குக் கூச்சமாக இருக்கும். அந்தக் கூச்சத்தைத்தான் நான் எம்.எஸ்ஸி. வரை சுமந்து வந்திருக்கிறேன் போலும். நம்மில் பலருக்கும் அது உண்டு என்பது என் எண்ணம். விடுதிக் குப்பைத் தொட்டியில் வாரந்தோறும் கிடக்கும் வாளிகளையும் நாற்காலிகளையும் பாருங்கள்.

பொருளைப் பழுதுபார்க்கும் உரிமை வேண்டும் என்று உலகெங்கும் பேச்சு எழுந்துள்ளது. நம் நாட்டிலும் நுகர்வோர் நலத்துறை 2022-ல் இதற்கென ஒரு குழு அமைத்தது. மோட்டார் வாகனங்களும் அதன் வரம்பில் உண்டு. நல்லதே. ஆனால் உரிமை யாருடைய கையில் செயலாகப் போகிறது? அந்தப் படிக்கட்டில் இருப்பவர் கையில்தானே? அவர் நாள் முழுதும் மூக்கில் ஒரு கைக்குட்டையைக் கட்டிக்கொண்டு ஏ.பி.எஸ். புகையைச் சுவாசிக்கிறார். அதில் ஸ்டைரீன் உண்டு. தவறிப் பி.வி.சி.யைச் சுட்டால் ஹைட்ரஜன் குளோரைடு எழும். மூச்சுக் குழலை அரிக்கும். இதை அவரிடம் எவரும் சொன்னதில்லை. நமக்குத் தெரியும், நாமும் சொன்னதில்லை.

கையிலுள்ள பொருள் இன்னதென்று அறியாமல் கைமாற்றுவதன் விலையைத் தில்லி ஒருமுறை கொடுத்திருக்கிறது. 2010-ல் தில்லிப் பல்கலைக் கழகத்து இரசாயனத் துறையில் பயன்படாமல் கிடந்த காமாக் கதிர்க் கருவி ஏலத்தில் போய், மாயாபுரியில் பழைய இரும்பாகப் பிரிக்கப்பட்டது. உள்ளே கோபால்ட்-60. ஒரு தொழிலாளி உயிரிழந்தார். மட்கார்டையும் அதையும் ஒன்றென்று சொல்ல நான் வரவில்லை. படித்தவர் வாய்மூடி இருந்தால் பாடுபடுபவர் உடம்பு பதில் சொல்லும் என்பது மட்டும் இரண்டுக்கும் பொது.

ஆகவே ஒரு காரியம் தொடங்கியுள்ளேன். பிளாஸ்டிக் குறிகள், மிதப்பது எது முழுகுவது எது, எதன் புகை கொடியது, எதைச் சுடவே கூடாது என்று ஒரே தாளில் இந்தியில் எழுதி உஸ்தாத்திடம் கொடுத்தேன். அவருடைய பையன் படித்துக் காட்டினான். இரண்டு இடங்களில் உஸ்தாத் என்னைத் திருத்தினார். சிறு மின்விசிறி ஒன்றை, புகை அவர் முகத்துக்கு வராமல் தெருப் பக்கம் போகும்படி, அண்ணன் மாட்டிக் கொடுத்தார்.

கரோல் பாக்கில் திங்கட்கிழமை கடையடைப்பு. அடுத்த திங்கள் மாலை 5 மணிக்கு உஸ்தாத் நம் விடுதிக்கு வர இசைந்திருக்கிறார். சங்கச் செயலாளர் கூடத்தின் ஜன்னலோரத்தை ஒதுக்கியுள்ளார். கூலி உண்டு, அதில் பேரம் வேண்டா. உடைந்த வாளி, பெட்டி, வண்டி மூடி எதுவாயினும் கழுவிக் கொண்டுவாருங்கள். தலைக்கவசத்தையும் பெட்ரோல் டாங்கியையும் கொண்டுவராதீர்கள். அவற்றைத் தொடுவதில்லை என்பது அவருடைய கட்டளை.